சில சென்ட் லாபம், பத்து விரல் பணயம்

அமெரிக்காவில் பொழுதுபோக்குக்குத் துப்பாக்கி சுடுபவர்கள் பலர், சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் வீட்டிலேயே மறுபடி மருந்து நிரப்பிக்கொள்வார்கள். பழைய வழக்கம்தான், அதில் எனக்குச் சண்டையில்லை. கூட்டின் அடியில் பொட்டு மாதிரி உட்காரும் பிரைமரைப் புதிதாகத்தான் வாங்குவார்கள்.

2020-ல் பிரைமருக்குத் தட்டுப்பாடு. 3, 4 சென்ட்டுக்குக் கிடைத்தது 10 சென்ட்டைத் தாண்டியது. "கூட்டை நிரப்புகிறோம், வெடித்த பிரைமரையும் நிரப்பினால் என்ன?" என்று சிலர் கிளம்பிவிட்டார்கள்.

என்னவா? கூட்டுக்குள் போடும் மருந்து, தீ பட்டால் எரிவது. பிரைமர் மருந்தோ ஒரு தட்டு தட்டினாலே வெடிக்க வேண்டும் என்று செய்யப்படுவது. தொழிற்சாலையிலேயே அதை ஈரமாக வைத்துத்தான் கையாள்கிறார்கள். காய்ந்துவிட்டால் உரசலே போதும். அதைச் சமையலறை மேசையில் வைத்துச் செய்வது சாமர்த்தியமா?

தப்பித்துச் செய்து முடித்தாலும் ஒன்று வெடிக்கும், ஒன்று வெடிக்காது, ஒன்று தாமதித்து வெடிக்கும். மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

"கடை கைவிட்டால் நம் கையே நமக்குதவி" என்கிறார்கள். சரிதான் சாமி, அதற்கு முதலில் கை இருக்க வேண்டுமே! பிரைமர் வரும்வரை சுடாமல் இருந்தால் குடியா முழுகிவிடும்? பொழுதுபோக்குதானே மக்களே!