ஸ்டிக்கர் கிழிக்கிறது அஞ்சு நிமிஷ வேலையாம்ல!

மக்களே, இன்னிக்கு மேட்டர் பாக்க ரொம்பச் சின்னதா இருக்கும். காருல ஒட்டின பழைய ஸ்டிக்கரையும் அதுக்கு அடியில இருக்கிற பசையையும் எடுக்கிறது. "இதுக்கெல்லாம் ஒரு பதிவாடா?"ன்னு கேக்கிறவங்களுக்காகத்தான் இந்தப் பதிவே. ஏன்னா அந்தக் கேள்விதான் பிரச்சினை. "ஸ்டிக்கர்தானே, ஒரு பிளேடும் கொஞ்சம் பெட்ரோலும் இருந்தா அஞ்சு நிமிஷ வேலை".. நம்ம ஊர்ல கார் பெயிண்டையும் வாட்டர் வாஷ் கடைப் பையனோட கையையும் சேர்த்துக் காலி பண்றது இந்த ஒரு வசனம்தான். அது தப்புன்னு சொல்ல வந்திருக்கேன். முழுசாப் படிச்சுட்டு அப்புறம் திட்டுங்க.

மொதல்ல ஒரு சின்ன ஃபிளாஷ்பேக். 2012 ஏப்ரல் 27ஆம் தேதி கார் கண்ணாடியில கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. மே 4ல இருந்து அமல். இடையில ஒரே வாரம். அப்புறம் 2024 ஏப்ரல் கடைசியில சென்னை போக்குவரத்துப் போலீஸ் ஒரு அறிவிப்பு விட்டாங்க. சொந்த வண்டியில பிரஸ், போலீஸ், தலைமைச் செயலகம், வக்கீல், டாக்டர், கட்சிச் சின்னம்னு ஒட்டிட்டுத் திரியுறவங்க எல்லாம் மே 2க்குள்ள எடுத்துடணும், இல்லேன்னா முதல் தடவை 500 ரூபா அபராதம்னு. இதுக்கும் நாலஞ்சு நாள்தான் டைம்.

ரெண்டு உத்தரவும் தேவையானதுதான். அதுல எனக்கு எந்தச் சண்டையும் இல்ல. மாமாவோட ஒண்ணுவிட்ட தம்பி எங்கயோ ரிப்போர்ட்டரா இருக்கார்னு மூணு கார்ல "பிரஸ்" ஒட்டினா அதைக் கிழிக்கத்தான் வேணும் :-) ஆனா அவசரம்னு வந்த உடனே நம்மாளுங்க கை நேராப் போறது பிளேடுக்கு. வருஷக்கணக்கா வெயில்ல வெந்த ஸ்டிக்கரை அஞ்சு நிமிஷத்துல எடுக்கணும்னா வேற வழி இல்லதான். ஆக, தப்பு பிளேடுல இல்ல. அந்த அஞ்சு நிமிஷத்துல இருக்கு.

ஏன் அஞ்சு நிமிஷத்துல வராதுன்னு பாப்போம் (பாலிமர் பேப்பர்ல அரியர் வெச்சிருக்கிறவங்க கொஞ்சம் கவனிங்க). ஸ்டிக்கர்னு நாம சொல்றது பி.வி.சி. ஷீட். பி.வி.சி. இயல்புல விறைப்பான பொருள். ஷீட்டு வளையணும்கிறதுக்காக பிளாஸ்டிசைசர்னு ஒரு எண்ணெய் மாதிரி சமாச்சாரத்தைக் கலக்குறாங்க. வெயில் பட பட அது கொஞ்சம் கொஞ்சமா வெளியேறிடும். ஷீட்டு சுருங்கி, காஞ்ச அப்பளம் மாதிரி ஆயிடும். தொட்டா நொறுங்குமே தவிர உரியாது. இன்னொரு பக்கம், அடியில இருக்கிற பசை வெயில்லயும் புறஊதாக் கதிர்லயும் இறுகிப் பெயிண்டோட ஒட்டிக்கிட்டே போகும். ஒட்டின புதுசுல ஒரே இழுப்புல வந்திருக்க வேண்டியது, ஆறு வருஷம் கழிச்சுத் துண்டு துண்டா வர்றதுக்கு இதுதான் காரணம்.

இப்ப பிளேடைப் போட்டா என்ன ஆகும்? இன்னிக்குக் கார்கள்ல மேல இருக்கிறது கிளியர் கோட்னு ஒரு நிறமில்லாத பூச்சு. அதோட கனம் சுமாரா 40, 50 மைக்ரான். நம்ம தலைமுடியை விட மெலிசு. பளபளப்பும் அதுதான், வெயில்ல இருந்து கலரைக் காப்பாத்துறதும் அதுதான். பிளேடு ஒரு தடவை சாய்ஞ்சா போச்சு. அந்தக் கோட்டை மறைக்க பாலிஷ் போட்டா, சுத்தி இருக்கிற பூச்சும் சேர்ந்து தேயும்.

கண்ணாடின்னா பிளேடு ஓகேதானேன்னு கேப்பீங்க. வெளிப்பக்கக் கண்ணாடியில, சோப்புத் தண்ணி விட்டு, புது பிளேடைச் சாய்ச்சுப் பிடிச்சா ஓகே. ஆனா பின்பக்கக் கண்ணாடிக்கு உள்பக்கமா மெல்லிசா கோடு கோடா இருக்கும் பாருங்க, அது டீஃபாகர் கம்பி. பனியையும் ஈரத்தையும் போக்குறதுக்கு. ஃபிலிம் ஒட்டுறதும் அந்த உள்பக்கத்துலதான். பிளேடால ஒரு கோடு அறுந்தாலும் அந்த வரி அவுட். 250 ரூபா ஃபிலிமை எடுக்கப் போயி பின் கண்ணாடிக்கே வேட்டு வைக்கிற கதை.

சரி, பிளேடு வேணாம், பெட்ரோல்? இங்கதான் எனக்கு உண்மையாவே கோபம் வருது. பெயிண்ட் கதையை அப்புறம் பாப்போம், மொதல்ல ஆளைப் பாப்போம். பெட்ரோல்ல பென்சீன் இருக்கு. பி.எஸ்.6 பெட்ரோல்லயும் 1 சதவீதம் வரை இருக்கலாம்னு அனுமதி. பென்சீன் மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகையில, அதாவது சந்தேகமே இல்லாத வகையில வெச்சிருக்கு. நீங்க வருஷத்துக்கு ஒரு தடவை தொடுறீங்க. கடைப் பையன் தினமும் கையுறை இல்லாம, பழைய பனியன் துணியை நனைச்சு, முகத்துக்கிட்ட வெச்சுத் தேய்க்கிறான். தோல்ல இருக்கிற எண்ணெய்ப்பசை போயி கை வெடிக்கிறது கண்ணுக்குத் தெரியும். மூச்சுல போறது தெரியாது.

அதோட, பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிகிட்டயே தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடுற சமாச்சாரம். அந்த ஆவி காத்தை விட கனமா இருக்கிறதால தரையோட படியும். பக்கத்துலயே கம்ப்ரஸர் ஓடுது, ஸ்விட்ச் போடுறாங்க, ஒருத்தர் பீடி பத்த வைக்கிறார். பெட்ரோல் பங்க்ல செல்போன் பேசினா பதறுற நாமதான், தகரக் கொட்டாய்க்குள்ள ஒரு மக் பெட்ரோலைத் திறந்து வெச்சிருந்தா கண்டுக்காம டீ குடிக்கிறோம்.

"நான் பத்து வருஷமா பெட்ரோல்லதான் துடைக்கிறேன், பெயிண்டுக்கு ஒண்ணும் ஆகலையே"ன்னு ஒரு அண்ணன் கண்டிப்பா வருவார். அண்ணே, கம்பெனி பெயிண்ட் அடுப்புல சுட்டு இறுகினது, கொஞ்ச நேரம் பட்டா தாங்கும். ஆனா எங்கயோ இடிச்சு, பட்டறையில டிங்கரிங் பாத்து அடிச்ச பெயிண்ட் எல்லாம் அப்படித் தாங்காது. தின்னர் பட்டா அப்படியே துணியோட வரும். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின கார்ல எந்தக் கதவு கம்பெனி பெயிண்ட், எந்தக் கதவு பட்டறை பெயிண்ட்னு உங்களுக்குத் தெரியுமா? ஹெட்லைட் மூடி இன்னும் மோசம். அது கண்ணாடி இல்ல, பாலிகார்பனேட். பெட்ரோலும் தின்னரும் பட்டா சிலந்தி வலை மாதிரி விரிசல் விடும்.

சும்மா குறை மட்டும் சொல்லிட்டுப் போனா நியாயம் இல்ல. ஒழுங்கான வழி இருக்கு. செலவு கம்மி, டைம்தான் வேணும்.

முதல்ல வண்டியை நல்லாக் கழுவணும். மேல இருக்கிற மண்ணோட தேய்ச்சா, துணியே உப்புத்தாள் ஆயிடும். அப்புறம் சூடு. தலைமுடி காயவைக்கிற டிரையர் போதும். அது இல்லேன்னா மதிய வெயில்ல அரை மணி நேரம் நிறுத்துங்க. தொட்டா சுடணும், ஆனா கையை வெச்சிருக்க முடியணும். அந்த அளவு. அதுக்கு மேல போனா பசை இளகி ஷீட்டோட வராம பெயிண்ட்லயே தங்கிடும், வேலை ரெட்டிப்பு. ஓரத்தை நகத்தாலயோ பழைய ஏ.டி.எம். கார்டாலயோ கிளப்பி, பின்னால மடிச்ச மாதிரி பிடிச்சு, மெதுவா இழுக்கணும். மெதுவாங்கிறது சும்மா பேச்சுக்கு இல்ல. இந்தப் பசை பாதி திரவம் மாதிரி நடந்துக்கிற பொருள். வெடுக்குனு இழுத்தா கெட்டியா நின்னு எதிர்க்கும், நிதானமா இழுத்தா நீண்டு கொடுக்கும். நொறுங்குதுன்னா திரும்பச் சூடு, திரும்பக் கார்டு. குறுக்கு வழி கிடையாது.

மிச்சப் பசைக்கு வண்டியை நிழலுக்குக் கொண்டு வாங்க. வெயில்ல எதைத் தடவினாலும் ஊறுறதுக்குள்ள காஞ்சிடும். தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிஷம் விடுங்க. எண்ணெய் பசைக்குள்ள இறங்கி அதைத் தளர்த்தும். அதுக்கும் மசியலேன்னா நம்ம ஊட்டி நீலகிரித் தைலம். அதுல இருக்கிற சினியோல் பசையை நல்லாவே கரைக்கும். ஆனா அதுவும் தீப்பிடிக்கிற பொருள்தான், அதனால துணியில கொஞ்சமா விட்டுக்கோங்க. பிளாஸ்டிக் மேல வேணாம். கதவோட உள்விளிம்புல ஒரு துளி வெச்சுப் பாத்துட்டு அப்புறம் வெளிய வாங்க. தேய்க்காதீங்க, ஊற விட்டு வழிச்செடுங்க. துணியை அப்பப்போ மாத்துங்க. கடைசியா ஷாம்பூ போட்டுக் கழுவி மெழுகு. அவ்ளோதான். ஒரு கதவுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும்.

இதையெல்லாம் பண்ணினாலும் ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் புதுசா, சுத்தி வெளுத்து, எழுத்து அப்படியே தெரியலாம். அது பசை இல்ல, வெயில் படாத பெயிண்ட். எவ்ளோ தேய்ச்சாலும் முழுசாப் போகாது. லேசா பாலிஷ் போட்டா மங்கும். ஜாதிப் பேரைப் பின் கண்ணாடிக்கு மேல, கதவுலன்னு பெருசா ஒட்டிட்டுத் திரியுறவங்க இதை மட்டுமாவது யோசிங்க.

இப்ப முக்கியமான கேள்வி. இந்த ஒரு மணி நேரத்துக்குக் காசு யார் குடுக்கிறது? வாட்டர் வாஷ்க்கு விடுறோம். "அப்படியே அந்த ஸ்டிக்கரையும் எடுத்துடு தம்பி"ன்னு போற போக்குல சொல்றோம். அந்த "அப்படியே"ல அவனோட ஒரு மணி நேரம் இலவசம். முதலாளி அடுத்த வண்டியைப் பாருங்கிறார். அவன் என்ன பண்ணுவான்? பிளேடும் பெட்ரோலும்தான். கோடு விழுந்தா திட்டு வாங்குறதும் அவன்தான்.

டாக்சி ஓட்டுறவங்க கதை இதை விட மோசம். வண்டி அவங்களோடது, கடன் அவங்களோடது. கதவு ரெண்டுலயும் கம்பெனி பேரை ஒட்டிக் குடுப்பாங்க. கம்பெனி மாறினாலோ வண்டியை வித்தாலோ எடுக்கிறது டிரைவர் தலையில. விக்கும்போது கோடு விழுந்த பெயிண்டுக்கு விலை குறையும், அதுவும் அவர் தலையில. எலக்‌ஷனுக்கு வாடகைக்குப் போற வண்டிக்கும் இதே கதிதான். ஒட்டும்போது சுத்தி நாலு பேர் நின்னு "கொஞ்சம் மேல, கொஞ்சம் கீழ"ன்னு சொல்றாங்க, உரிக்கும்போது ஒருத்தரையும் காணோம்.

ஸ்டிக்கர்லயே ரகம் இருக்கு. உருளையில வெச்சுத் தட்டையாக்கின மலிவு ஷீட் சில வருஷத்துலயே சுருங்கும். திரவமா ஊத்தி எடுத்த ஷீட் சுருங்காம அதிக நாள் தாங்கும். லேசா உரியுற பசை போட்டதும் கிடைக்குது. விலைதான் கூட. ஒட்டச் சொல்றவன் எடுக்கிற செலவையும் ஏத்துக்கணும்னு இருந்தா, அவனே நல்ல ஷீட்டைக் கேட்டு வாங்குவான், வெடிச்சுப் போறதுக்கு முன்னாடி எடுத்தும் விடுவான். அந்தச் செலவு அடுத்தவன் தலையில இருக்கிற வரைக்கும் மலிவு ஷீட்டுதான் ஓடும்.

அதனால நான் சொல்றது இதுதான். உங்க வண்டியில நீங்க ஒட்டினதுன்னா, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீங்களே உக்காந்து எடுங்க. முடியலேன்னா, எடுக்கிறவருக்கு அவர் செலவழிக்கிற நேரத்துக்குக் காசு குடுங்க, பெட்ரோல் வேணாம்னு சொல்லுங்க, ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிக் குடுங்க. அடுத்தவன் வண்டியில உங்க விளம்பரத்தை ஒட்டினீங்கன்னா, எடுத்துக் குடுக்கிறதும் உங்க பொறுப்பு. அதை ஒட்டுற அன்னிக்கே எழுதிக் குடுங்க.

டிஸ்கி: "அப்போ ஸ்டிக்கரே ஒட்டக் கூடாதா?"ன்னு கேக்கப் போறவங்களுக்கு.. தாராளமா ஒட்டுங்க. ரெண்டு மூணு வருஷத்துல, அது அப்பளம் ஆகுறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க.