இரும்பு சுருங்குகிறதா?

எமது பெரியம்மா ஒருவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து கணுக்கால் என்பை முறித்துக்கொண்டார். வைத்தியர்கள் உலோகத் தகடொன்றை வைத்துத் திருகாணிகளால் இறுக்கி என்பைப் பொருத்தினர். சில மாதங்களில் நன்றாகவே நடந்தார். மார்கழியில் நுவரெலியாவிலுள்ள மகள் வீட்டுக்குச் சென்றபோதுதான் தொல்லை தொடங்கிற்று. மாலையிற் பனி இறங்கியதும் கணுக்காலில் ஓர் இழுவை. "இரும்பு குளிருக்குச் சுருங்குது மோனை, அதுதான் இழுக்குது" என்றார். வீட்டில் எவரும் அதனை மறுக்கவில்லை. கல்லூரியிற் பாடஞ் சொல்லும் நாமும் மறுக்கவில்லை. அவ்வாறு வாளாவிருந்தது எத்துணைத் தவறு என்பது பின்னரே தெரிந்தது.

உலோகம் வெப்பத்தால் விரியும், குளிரால் ஒடுங்கும் என்று மாணவருக்குக் கற்பிப்பவர்கள் நாமேயன்றோ? ஆயினும் எவ்வளவு ஒடுங்கும் என்று கேட்பார் அரியர். கணக்கு எளியது. 10 சதமமீற்றர் நீளமான துருவேறா உருக்குத் தகடு 10 பாகை குளிர்ந்தால் ஒடுங்குவது ஏறக்குறைய 0.016 மில்லிமீற்றர். தலைமயிர் ஒன்றின் பருமனிலும் இது குறைவு. டைற்றேனியத் தகடாயின் ஏறக்குறைய அதிற் பாதியே. அன்றியும், தகடு கிடப்பது வெட்டவெளியிலன்று. குருதி ஓடும் தசையின் நடுவே. தொடையென்பின் உள்ளே செலுத்திய கம்பிக்கு நுவரெலியாவும் ஒன்றே, மன்னாரும் ஒன்றே.

அப்படியாயின் நோவு வெறும் மனப்பிரமையோ? அன்று. அமெரிக்க நரம்பு வைத்தியர் வெயர் மிச்சல் 1877இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். உள்நாட்டுப் போரிற் காலிழந்த படைத்தலைவர் ஒருவர், தம் காற்குறையில் எழும் நோவையும் வானிலையையும் ஆண்டுக்கணக்காகக் குறித்துவைத்திருந்தார். புயல் நெருங்குங்காலங்களில் நோவு மிகுவதை அக்குறிப்புகளிலே மிச்சல் கண்டார். அவர் நோவுக்குத் தகடும் காரணமன்று, திருகாணியும் காரணமன்று. நோவெல்லாம் காயமுற்ற நரம்பின் நோவே.

முறிவுற்ற இடத்தில் நிகழ்வதும் பெரும்பாலும் இதுவே. என்பு முறியும்போது சுற்றியுள்ள தசையும் சவ்வும் நுண்ணிய நரம்புகளும் சிதைகின்றன. சத்திரசிகிச்சை வேறு அவற்றை அறுக்கிறது. ஆறிய வடு முன்போல் நெகிழாது. குணமான நரம்பு முன்போல் அமைதியாயிராது. தோலிலே குளிரை உணரும் நரம்பு வாங்கி ஒன்று 2002இற் கண்டுபிடிக்கப்பட்டது. அதனைக் கண்டறிந்தவர்களான டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் ஆகிய இருவரும் 2021இல் நோபெல் பரிசு பெற்றனர். காயமுற்ற நரம்புகளோ சிறு குளிரையும் பெருநோவாக மூளைக்கு அறிவிக்கக்கூடும். குளிரில் நாம் உடலை ஒடுக்கிக்கொண்டு அசையாதிருப்பதும் மூட்டை விறைப்பிக்கிறது.

உலோகத்தை முற்றாக விடுவித்துவிடவும் இயலாது. தசையைவிட உருக்கு வெப்பத்தைப் பன்மடங்கு விரைவாகக் கடத்தும். கணுக்கால், முன்தாடை, காறையென்பு ஆகிய இடங்களில் தகட்டுக்கு மேலே மெல்லிய தோலே உண்டு; ஆங்கே குளிர் உறைப்பாகத் தோன்றுவது வியப்பன்று.

மூட்டுவாதத்தையும் காலநிலையையும் பற்றிய ஆராய்ச்சிகளோ ஒன்றோடொன்று உடன்படா. 1996இல் ரெடெல்மையர், ட்வெர்ஸ்கி என்போர் 18 நோயாளரைப் பதினைந்து மாதம் தொடர்ந்து நோக்கித் தொடர்பொன்றும் காணவில்லை. நொந்த நாளின் மழையை நினைவிற் கொள்கிறோம், நோகாத நாளின் மழையை மறந்துவிடுகிறோம் என்பது அவர்கள் கருத்தின் சாரம். மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்ட ஆய்வில் நாட்பட்ட நோவுடைய 2,658 பேர் நாடோறும் தம் நோவைப் பதிந்தனர். ஈரப்பதன் மிகுந்து, வளியமுக்கம் தாழ்ந்து, காற்றுப் பலமாக வீசும் நாளில் நோவு சிறிது கூடியதாம். வெப்பநிலை தனித்து நின்று பெரிதாகத் தாக்கவில்லையாம். தகடு வைத்தோரை மட்டும் ஆராய்ந்தவை அல்ல இவை. எனினும் வாடைக்காற்றும் மழையும் சேர்ந்த மார்கழியை அனுபவித்த எமக்கு இரண்டாவது முடிவு பொருத்தமாகவே படுகிறது.

பெரியம்மாவின் கதைக்கு வருவோம். பங்குனியில் அவர் யாழ்ப்பாணம் திரும்பினார். நோவு நிற்கவில்லை. தழும்பருகே தோல் சிவந்தது. மாலைதோறும் உடம்பு காய்ந்தது. "மலைக்குளிர் இன்னும் இறங்கேல்லை" என்று நல்லெண்ணெய் தடவினர். சித்திரை வெயில் கொளுத்துகையிலும் அதே பேச்சு! தழும்பிலிருந்து நீர் கசிந்த பின்னரே வைத்தியரிடம் கொண்டு சென்றோம். தகட்டைச் சுற்றிக் கிருமி பற்றிச் சீழ் கட்டியிருந்தது; திருகாணி இரண்டு தளர்ந்திருந்தன. என்பு முன்னரே பொருந்தியிருந்தமையால், தகட்டை அகற்றிச் சுத்திசெய்து பலவாரம் மருந்து கொடுத்துக் காலைக் காத்தனர்.

குளிரால் வரும் நோவு கதகதப்பூட்டக் குறையும். காலுறை அணிந்து மெல்ல நடந்தால் தணியும். வெந்நீர்ப்பையைத் துணியிற் சுற்றியே வைத்தல் வேண்டும். தழும்பருகே தோல் மரத்திருப்பின் சுடுவது தெரியாது. ஆனால் வெயிலிலும் விடாத நோவு, நாளுக்குநாள் வளரும் நோவு, காலூன்றும்போது புதிதாகத் தோன்றும் குத்து, வீக்கம், சிவப்பு, காய்ச்சல், கசிவு இவற்றுள் ஒன்று தோன்றினும் பருவம் மாறட்டும் என்று காத்திராது, வைத்தியரிடம் காட்டிக் கதிர்ப்படம் எடுப்பித்தல் வேண்டும்.

கழற்றிய தகட்டைப் பெரியம்மா ஒரு மாத்திரைப் போத்தலில் இட்டு வைத்திருக்கிறார், வருவோர்க்கெல்லாம் காட்டுவார். சென்ற மார்கழியிலும் நுவரெலியாவுக்குப் போனார். கணுக்கால் இழுக்கிறதா என்று தொலைபேசியிற் கேட்டோம். "இழுக்குது மோனை" என்றார், "இரும்பில்லாமலே இழுக்குது."