படத்தின் மூலப்படி

விழா மலரொன்று கையிற் கிடைத்தவுடன் பழைய மாணவர் முதலிலே புரட்டுவது படங்கள் உள்ள பக்கங்களையே. கட்டுரை எழுதுவோராகிய எமக்கு இதனைக் கூறுதல் இனிதன்று. எனினும் உண்மை அதுவே. வகுப்புப் படத்திலே இரண்டாம் வரிசையில் நிற்பவர் தாமோ தம் தமையனாரோ என்று மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடுவார். அருகில் நிற்கும், காலமாகிவிட்ட தோழரைக் கண்டு சிறிது நேரம் பேசாதிருப்பார். அத்துணை மதிப்புடைய படங்கள் அண்மைக்கால மலர்கள் பலவற்றிலே புகைபடிந்தனபோல் வெளிவருகின்றன. முகம் இருக்கவேண்டிய இடத்திலே வெளிறிய வட்டம் ஒன்று இருக்கின்றது. கீழே பெயர் மாத்திரம் தெளிவாக உள்ளது. இதற்கு அச்சுக்கூடத்தாரைக் குறை கூறுதல் வழக்கம். எம் கருத்திலே, படம் அச்சுக்கூடத்தின் வாயிலை அடையுமுன்னரே பெரும்பாலும் கேடு நிகழ்ந்துவிடுகின்றது.

தமிழாசிரியருக்கு இவ்விடயத்திலே யாது வேலை என்று கேட்பார் உளராயின், ஏட்டுச்சுவடிகளின் வரலாற்றைக் கற்பிப்போர்க்கே இது நன்கு விளங்கும் என்போம். ஓர் ஏட்டைப் பார்த்து மற்றோர் ஏடு எழுதப்பட்டது. அதனைப் பார்த்து வேறொன்று எழுதப்பட்டது. ஒவ்வொரு படியிலும் ஓரெழுத்து மயங்கிற்று. ஒரு சீர் விழுந்தது. 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் ஊரூராய் அலைந்து ஏடு தேடியதும், பல படிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறித்ததும் இதன் பொருட்டே. இன்று டெப் கணினியிலே நாம் திருத்தும் நிழற்படமும் அவ்வாறே படிக்குப் படி தேய்கின்றது. ஏட்டுக்கு நூற்றாண்டுகள் சென்றன. படத்துக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

நிழற்படம் பிக்சல் எனப்படும் நுண்புள்ளிகளால் ஆயது. 4000 புள்ளி அகலமும் 3000 புள்ளி உயரமும் உள்ள படத்திலே 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள் உள. இதனையே 12 மெகாபிக்சல் என்பர். எமது மருதமுனை நெசவாளர்க்கு இதனை விளக்குதல் எளிது. துணியின் நீள அகலம் மாறாதிருக்க, இழைகளின் எண்ணிக்கையை மாத்திரம் பாதியாக்கினால் அவர் அதனைத் துணி என்று ஏற்பாரா? எட்ட நின்று பார்ப்பவர்க்கு நிறமும் கரையும் முன்போலவே தோன்றும். கையில் எடுத்தவர்க்கே சல்லடை என்பது தெரியும். டெப்பின் திரை எட்ட நின்று பார்ப்பவரைப் போன்றது. அச்சுத்தாள் கையில் எடுப்பவரைப் போன்றது.

கணக்கும் சிறிது பார்ப்போம். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பது அச்சுத்தொழிலாளர் கொள்ளும் அளவு. 4000 புள்ளி அகலமுள்ள படம் 13 அங்குலத்துக்கு மேல் விரியும். அதே படம் 1600 புள்ளியாகச் சுருங்கின், 5⅓ அங்குலத்தோடு நின்றுவிடும். வரிசைக்குப் பதினைவர் நிற்கும் வகுப்புப் படமாயின், 1600 புள்ளியிலே ஒருவர்க்குக் கிடைப்பது ஏறத்தாழ 106. அதிலும் முகத்துக்கு ஐம்பது கிடைத்தால் அதிகம். ஐம்பது புள்ளியிலே ஒருவரின் புன்னகை எங்ஙனம் அடங்கும்?

1600 என்னும் எண்ணை வீணே எடுத்துக்கொண்டோமல்லேம். 2012இல் ஐபாட்டுக்கு வந்த போட்டோஷொப் டச் என்னும் செயலி, தொடக்கத்திலே 1600க்கு 1600 புள்ளிக்கு மேற்பட்ட படத்தைக் கையாளவில்லை. காரணம் பொறியின் வலுக்குறைவு. 12 மெகாபிக்சல் படமொன்றைத் திறந்துவைப்பதற்கே 48 மெகாபைட் அளவு நினைவகம் வேண்டும். 2010இல் வந்த முதல் ஐபாட்டின் நினைவகம் முழுவதுமே 256 மெகாபைட். ஆகவே அக்காலத்திலே படத்தைச் சுருக்கியது மன்னிக்கத்தக்கதே. இன்று பொறிகள் பன்மடங்கு வலுப்பெற்றுள்ளன. சுருக்கும் வழக்கமோ போகவில்லை. வட்ஸ்அப்பிலே சாதாரணமாக அனுப்பும் படத்தின் நீண்ட பக்கம் ஏறத்தாழ அதே 1600 புள்ளிக்கு இறங்கிவிடுகின்றது. 2023 ஓகஸ்டிலே 'எச்டி' என்னும் தெரிவொன்றை அதிற் சேர்த்தனர். அதுவும் மூலத்தை அப்படியே அனுப்புவதன்று. படமாக அனுப்பாது கோப்பாக இணைத்து அனுப்பினாலே உள்ளது உள்ளவாறு போய்ச்சேரும்.

மற்றொரு தீய பழக்கத்தையும் சொல்லாதிருத்தல் இயலாது. திரையிலே தெரியும் படத்தைத் திரைப்பிடிப்பாக எடுத்து, ஓரங்களை வெட்டி, அதனையே படம் என்று அனுப்புவோர் பலர். கற்றறிந்தோரும் இதனைச் செய்கின்றனர். 10.2 அங்குல ஐபாட்டின் திரையிலே உள்ளவை 2160க்கு 1620 புள்ளிகள், அதாவது 35 இலட்சம். 12 மெகாபிக்சல் படத்தின் பத்தில் ஏழு பங்குக்குக் குறையாத பகுதி ஒரு தொடுகையிலே தொலைந்தது. மின்னஞ்சலில் அனுப்புங்கால் சிறிது, நடுத்தரம், பெரிது, உள்ள அளவு என்று ஐபாட் கேட்கும். 'உள்ள அளவு' என்பதைத் தொடுவோர் மிகச் சிலரே. இவையன்றி, 1992இல் தரமாக்கப்பட்ட ஜேபெக் முறையிலே, திருத்தித் திருத்தி ஒரே கோப்பைச் சேமிக்குந்தோறும் நுட்பங்கள் சிறிது சிறிதாக உதிர்கின்றன. புள்ளிகளின் எண்ணிக்கை மாறாதிருப்பதால் இவ்விழப்பு எவர் கண்ணிலும் உடனே படுவதில்லை.

டெப்பிலே படத்தைத் திருத்தவே கூடாது என்பது எம் கட்சியன்று. ஒளியைக் கூட்டுதற்கும் சாய்வை நிமிர்த்துதற்கும் அதனிலும் வசதியான கருவி பாடசாலைகளுக்குக் கிடைத்தலரிது. ஐபாட்டுடன் வரும் படச்செயலி திருத்தத்தை வேறாகவும் மூலத்தை வேறாகவும் வைத்திருக்கின்றது. வேண்டும்போது பழைய நிலைக்கு மீளலாம். நல்ல பதிப்பாசிரியர் செய்வதும் அதுவேயன்றோ? எல்லாச் செயலிகளும் இவ்வாறு இல்லை. புதிய செயலியொன்றைக் கைக்கொள்ளுமுன் ஒரு படத்தைத் திருத்திச் சேமித்து, முன்னும் பின்னும் புள்ளிகளின் எண்ணிக்கையை ஒப்பிடுக. எண் குறைந்திருப்பின் செயலியின் அமைப்பிலே சேமிக்கும் அளவை மாற்றுக. மாற்ற இயலாதாயின் அதனைக் கைவிடுக.

இவ்வளவு வற்புறுத்துவதற்கு எம் கரையோரத்தார்க்குத் தனிக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் ஏறியபோது அம்பாறை மாவட்டத்திலே 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் இதுவே. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தொடரும் ஊர்களிலே வீட்டோடு அலுமாரியும், அலுமாரியோடு படத்தொகுப்பும் போயின. தாயின் முகத்துக்கு எஞ்சிய சான்று, வெளிநாட்டு உறவினர் பெட்டியிலே தற்செயலாய்க் கிடந்த ஒரு படமே என்னும் நிலையெய்திய குடும்பங்கள் முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும் உள. 2011 மார்ச்சிலே யப்பானைக் கடல் கொண்டபோது, மியாகிப் பகுதியின் யமமோத்தோ என்னும் சிற்றூரிலே மாத்திரம் ஏழு இலட்சம் அளவிலான படங்களைச் சேற்றிலிருந்து எடுத்துக் கழுவி, உலர்த்திப் பிரதிசெய்து, உரியோரைத் தேடினர் தொண்டர்கள். எமக்கு அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை. எஞ்சிய ஒற்றைப் படம் கட்டாரிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வரும்போது 1600 புள்ளியாக வந்துசேர்தல் எத்துணைப் பெரிய நட்டம்! அனுப்பியவர் கையிலுள்ள மூலமும் பின்னர் தொலையுமாயின் அத்தேய்ந்த படியே என்றைக்கும் மூலமாகிவிடும். காரைதீவு தந்த விபுலாநந்த அடிகளார் 1947இல் மறைந்தார். அவரை இனி எவரும் புதிதாகப் படமெடுத்தல் இயலாது. விழாப் பதாகைகளிலே சிலவேளை அவரது திருமுகம் கட்டங்கட்டமாக உடைந்து தோன்றுவதைக் காணும்போது மனம் நோகின்றது.

மங்கிய முகத்தைச் செயற்கை நுண்ணறிவு தெளிவாக்கித் தருமே என்று இளைஞர் கூறுவர். தருகின்றது, ஆயின் தருவது அம்முகத்தையன்று. எண்ணிறந்த அந்நியர் முகங்களைக் கற்ற பொறி, இங்கே இப்படி ஒரு கண் இருந்திருக்கலாம் என்று கற்பித்து வைக்கின்றது. புறநானூற்றிலே 267ஆம், 268ஆம் பாடல்கள் கிடைத்தில. சாமிநாதையருக்கு இரண்டு பாடல் புனைந்து அவ்விடத்தை நிரப்பும் புலமை இல்லாமலா போயிற்று? அவர் நிரப்பவில்லை, இன்றும் அவ்விடம் வெறுமையாகவே இருக்கின்றது. பேரனுக்குப் பொறி புனைந்த பாட்டனைக் காட்டுவதிலும், மங்கிய பாட்டனைக் காட்டுதலே நேர்மை என்பது எம் துணிபு.

ஆதலின் மலர்க்குழுவினர்க்கு எமது வேண்டுகோள் இது. வட்ஸ்அப் குழுக்களிலே வந்து குவிந்த படங்களோடு அமையாது, ஒவ்வொருவரிடமும் மூலத்தைக் கேட்டுப் பெறுக. பழைய தாட்படமாயின், திரும்பக் கைத்தொலைபேசியாற் படமெடுப்பதிலும் ஸ்கேனரில் இட்டு எடுத்தல் நன்று. 6க்கு 4 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளியாக எடுப்பின் 3600க்கு 2400 புள்ளி கிடைக்கும். இடம் போதாது என்னும் சாட்டு இக்காலத்தில் எடுபடாது. படமொன்று 5 மெகாபைட் என்று கொண்டாலும், ஐந்நூறு படங்கள் 2½ கிகாபைட்டில் அடங்கும். 32 கிகாபைட் அட்டையொன்று அதனைப் பன்னிரு முறை கொள்ளும். தொடப்படாத மூலங்களைத் தனி உறையில் இட்டு, ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்திலும், மற்றொன்றைக் கடலெட்டாத வேறோரூரிலும் வைத்தல் வேண்டும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணைய நூலகம் ஈழத்துப் பாடசாலை மலர்கள் பலவற்றைப் பேணிவருகின்றது. அச்சான மலரை அதற்கும் அனுப்பலாம். பழைய படங்களின் பின்புறத்திலே பென்சிலால் எழுதிய பெயர்கள் இருக்குமாயின், அப்பின்புறத்தையும் ஒரு படமாக எடுத்து முன்புறத்தோடு சேர்த்து வைக்க.