முதலாட்டம் காட்டும் மயக்கம்

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பது நம் நாட்டில் பலகாலும் எடுத்தாளப்பெறும் பழமொழி. அது பெரும்பாலும் உண்மையேயாயினும், எல்லாப் பயிர்க்கும் பொருந்துவதன்று. அந்தியூரைச் சூழ்ந்த நிலங்களில் மஞ்சள் பயிரிடும் குடியானவரைக் கேட்டால் அவர் இதனை நன்கு விளக்குவர். இலை பசுமையாய்ச் செழித்து நிற்பதைக் கண்டு வழிப்போக்கர் வியந்து போவர். நிலத்துக்குடையவரோ வாய் திறவார். மண்ணினடியிற் கிழங்கு திரண்டதா, அன்றா என்பது எட்டொன்பது திங்கள் கழித்து வெட்டியெடுக்கும் நாளிலேதான் வெளியாகும். விளையாட்டணிகளைப் பற்றியும் இந்நிதானமே வேண்டற்பாலது என்பது எமது கருத்து. அதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகத் தமிழ்நாட்டின் பெயர் தாங்கி நிற்கும் 'தமிழ் தலைவாஸ்' என்னும் கபடியணியின் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நம் சிற்றூர்களில் சடுகுடு எனவும் கபடி எனவும் வழங்கும் இவ்வாட்டம், ஊதியம் பெறும் ஆட்டக்காரர் பங்குகொள்ளும் புரோ கபடிப் போட்டித்தொடராக 2014-ஆம் ஆண்டில் எட்டு அணிகளோடு தொடங்கிற்று. 2017-ஆம் ஆண்டில் மேலும் நான்கு அணிகள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்றே சென்னையைத் தாயகமாகக் கொண்ட தமிழ் தலைவாஸ். மண்ணில் வேட்டியை மடித்துக் கட்டி ஆடிய ஆட்டம், விளக்கொளியில் மெத்தைவிரிப்பின்மேல் ஏறி உலகெங்கும் காணப்பெற்றபோது, கொங்குநாட்டு ஊர்களிலும் இளைஞர் கொண்ட மகிழ்ச்சி சிறிதன்று. நம்மவர் கோப்பையை எளிதிற் கைப்பற்றுவர் என்றே பலரும் எண்ணினர்.

அவ்வெண்ணத்தை அணியின் முதலாட்டங்கள் ஆண்டுதோறும் வளர்த்து வந்தன. 2017-இல் தெலுங்கு டைட்டன்ஸ் அணியோடு ஆடிய முதலாட்டம் 27-க்கு 32 எனத் தோல்வியில் முடிந்தது மெய்யே. ஆனால், 2018-இல் நடப்பு வாகையராயிருந்த பாட்னா அணியைச் சென்னையிலேயே 42-க்கு 26 என வீழ்த்தினர். 2019-இல் தெலுங்கு அணியை 39-க்கு 26 என வென்றனர். 2021-இல் அவ்வணியோடு 40-க்கு 40 எனவும், 2022-இல் குஜராத்தோடு 31-க்கு 31 எனவும் சமநிலை கண்டனர். 2023-இல் டெல்லியை 42-க்கு 31 என வென்றனர். 2024-இல் தெலுங்கு அணியை 44-க்கு 29 எனவும், 2025-இல் மீண்டும் அவ்வணியையே 38-க்கு 35 எனவும் வென்றனர். எட்டுத் தொடர்களில் முதலாட்டத்தில் தோற்றது ஒரே முறை! இவ்வெண்களை மட்டுமே காண்பவர், இவ்வணி பலமுறை வாகை சூடியிருக்கும் என்றே கருதுவர்.

நிகழ்ந்ததோ வேறு. 2017-இலும் 2018-இலும் தன் பிரிவில் கடைசியிடம். 2019-இல் பன்னிரண்டு அணிகளுள் பன்னிரண்டாமிடம். அவ்வாண்டு இருபத்திரண்டு ஆட்டங்களில் கிட்டியவை மிகச் சில வெற்றிகளே. 2021-இல் தொடங்கிய தொடரிற் பதினோராமிடம். 2023-இலும் 2024-இலும் தொடங்கிய தொடர்களில் ஒன்பதாமிடம். 2025-இலும் முதல் எட்டு அணிகளுள் இடம் பெறவில்லை. 2018-இல் பாட்னாவை வென்ற ஆரவாரம் அடங்குமுன்னரே, அதே சென்னை அரங்கில் அடுத்தடுத்துத் தோல்விகள் வந்துற்றன. முதல்நாள் தோளிற் சுமந்து கூத்தாடியவர் மறுவாரமே வசைமொழியத் தலைப்பட்டனர். புகழ்ந்ததும் ஆராய்ந்து புகழ்ந்ததன்று. இகழ்ந்ததும் ஆராய்ந்து இகழ்ந்ததன்று.

இனி, இதற்கு நேர்மாறான ஓராண்டு உண்டு. 2022-ஆம் ஆண்டுத் தொடருக்காக இவ்வணியார் பவன் செராவத் என்னும் பேர்பெற்ற வீரரை ஏலத்தில் 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்தனர். அது அந்நாள்வரை எவரும் பெறாத தொகை. அவரோ முதலாட்டத்தின் முற்பாதியிலேயே முழங்காலிற் காயமுற்று, அத்தொடர் முழுமைக்கும் ஆடவியலாதவரானார். தொடர்ந்து வந்த ஆட்டங்களிலும் வெற்றி எளிதிற் கைகூடவில்லை. அணி அவ்வளவில் தொலைந்தது என்றே யாவரும் கைவிட்டனர். ஆயினும், இடையிற் பயிற்சிப் பொறுப்பேற்ற அசன் குமாரின் கீழ், அதுவரை பெயரறியப்படாத நரேந்தர் என்னும் இளைஞர் தம் முதல் தொடரிலேயே பாடிச் சென்று 243 புள்ளிகள் ஈட்டினார். சாகர் ராட்டியும் சாஹில் குலியாவும் இரு மூலைகளையும் காத்தனர். அணி ஐந்தாமிடம் பெற்று, வெளியேற்றுச் சுற்றில் உத்தரப்பிரதேச அணியை 36-க்கு 36 என்ற சமநிலைக்குப்பின் நடந்த தீர்வாட்டத்தில் வென்று, அரையிறுதியை எய்தியது. அங்கே டிசம்பர் 15-ஆம் நாள் புனே அணியிடம் 37-க்கு 39 என இரண்டே புள்ளிகளில் தோற்றது. மிக இழிந்த தொடக்கமுற்ற ஆண்டே மிக உயர்ந்த முடிவை எய்திய ஆண்டாயிற்று என்பதை அன்பர்கள் ஊன்றி நோக்குவாராக.

இம்முரண்பாட்டிற்குக் காரணம் யாது? கபடி எழுவர் ஆட்டம். நாற்பது நிமிடங்களுள் ஒவ்வொரு பாட்டுக்கும் முப்பது விநாடியே உண்டு. பாடி வருவோன் ஒருவன். அவன் திறமை தனித் திறமை. ஒரு நாளில் ஒருவன் இருபது புள்ளிகளும் ஈட்டக்கூடும். 2023-ஆம் ஆண்டின் முதலாட்டத்தில் அஜிங்க்ய பவார் இருபத்தொரு புள்ளிகள் ஈட்டியதும் அவ்வாறே. முதலாட்டத்தில் எதிரணியார் நம் வீரனின் அடவுகளை அறியார். ஆதலின் அவன் மின்னுவான். நான்காம் ஐந்தாம் ஆட்டங்களில் அவனது கால் எப்பக்கம் திரும்பும், கை எங்கு நீளும் என்பதனைப் பகைவர் கற்றுக்கொள்வர். அப்போது அணியைத் தாங்கவேண்டியவர் பிடிப்போரே. இடமூலையில் நிற்பவன் காலைப் பற்றிய அக்கணத்தே நடுவில் நிற்பவன் இடுப்பைத் தழுவவேண்டும். கைகோத்து நிற்கும் இருவர் கண்ணாற் பேசாமலே ஒருங்கு வளையவேண்டும். ஒருவன் அவசரப்பட்டு முந்திப் பாய்ந்தால், மற்றவர் புள்ளியும் சேர்ந்தே போம். இவ்வொருமைப்பாடு பொருள் கொடுத்து ஏலத்தில் வாங்கத்தக்கதன்று. பல நாள் கூடி ஆடிப் பெறற்பாலது.

அந்தியூர்க் குருநாதசுவாமி கோயிலின் ஆடித்திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையையும் மாட்டுச் சந்தையையும் அறியாதார் இப்பக்கத்தில் இலர். அங்கே பொருளறிந்து வாங்குவோர், குதிரையின் மினுமினுப்பைக் கண்டு விலைபேசார்; சுழி பார்ப்பர், பல்லைப் பார்ப்பர், நடக்கவிட்டும் ஓடவிட்டும் பார்ப்பர். அங்ஙனம் தேர்ந்த குதிரையும், முன்னறியாத வேறொரு குதிரையோடு வண்டியிற் பூட்டப்பட்டால், ஒன்று முன்னிழுக்க மற்றொன்று பின்னிழுக்கும். வண்டி குடைசாய்ந்தால் குற்றம் குதிரைகளதன்று, பழக்காமற் பூட்டியவனதே. தலைவாஸ் அணியார் பல ஆண்டுகளில் நல்ல குதிரைகளையே வாங்கினர். 2019-இல் அஜய் தாக்கூர், ராகுல் சௌதரி, மஞ்சீத் சில்லர் ஆகிய மூவரும் ஓரணியில் நின்றனர். அவ்வாண்டே கடைசியிடம் வாய்த்தது. 2024-இல் சச்சின் தன்வாரை 2 கோடியே 15 லட்சத்திற்கு எடுத்தனர். இடம் ஒன்பதுக்கு மேல் ஏறவில்லை. 2025-இல் அர்ஜுன் தேஷ்வாலும் பவன் செராவத்தும் ஒருங்கே வந்தனர். பவனோ தொடரின் தொடக்கப் பகுதியிலேயே அணியை விட்டு நீங்க நேர்ந்தது. பெரும்பெயர்கள் குறைந்தமையால் இவ்வணி வாடிற்றென்று எவரும் கூறவியலாது.

பிறிதொன்றும் இங்குக் கருதத்தக்கது. நம் நாட்டு மண்ணிற் பிறந்த வீரர்க்குத் திறமை குறைவோவெனின், அன்று. 2016-ஆம் ஆண்டில் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கி அதற்குக் கோப்பையை ஈட்டித் தந்தவர் தமிழராகிய தர்மராஜ் சேரலாதன். 2022-இல் தலைவாஸ் அணியை முதலாட்டத்தில் எதிர்த்து நின்ற குஜராத் அணியின் தலைவரும் தமிழராகிய சந்திரன் ரஞ்சித்தே. 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் பஹ்ரைன் நாட்டில் நிகழ்ந்த ஆசிய இளையோர் போட்டியில் பொன் வென்ற இந்திய அணிகளில், சென்னைக் கண்ணகிநகரைச் சேர்ந்த கார்த்திகாவும், வடுவூரைச் சேர்ந்த அபினேஷும் இடம்பெற்றனர். ஆகவே நம்மிடத்து விதையுண்டு; விதைத்தபின் காத்திருக்கும் பொறுமையே வேண்டும்.

'அணியில் தமிழரே ஆடவேண்டும் என்பது குறுகிய நோக்கமன்றோ?' என வினவுவாருமுளர். யாம் அங்ஙனம் கூறவில்லை. இமாசலத்தாரும் அரியானாவினரும் தமிழ்நாட்டின் பெயரணிந்து உடல் நோவ உழைத்தமைக்கு நாம் நன்றி பாராட்டக் கடமைப்பட்டுள்ளோம். யாம் வேண்டுவது ஒன்றே. எந்நாட்டவராயினும் ஆகுக; எழுவருள் நால்வர் ஐவரையேனும் இரண்டு மூன்றாண்டு கலைக்காது வைத்திருத்தல் வேண்டும். அந்நால்வருள் நம்மூர் மண்ணிற் பயின்ற இளைஞர் இருவர் இருப்பின், அவர்களைக் கண்டு பர்கூர் மலையடிவாரத்துச் சிறுவனும், 'யானும் ஒருநாள் அங்கு நிற்பேன்' என்று துணிவான். அத்துணிவு ஒரு கோப்பையினும் பெரிது. இன்று அவன் காண்பது யாது? ஆண்டுதோறும் மாறும் முகங்களும், ஆண்டுதோறும் மாறாத முடிவுமே.

எனவே இனிவரும் தொடரின் தொடக்க ஆட்டங்களைக் காண்போர், வென்றனரா, தோற்றனரா என்பதோடு நில்லாது, மூன்றினை நோக்குமாறு வேண்டுகின்றோம். ஒன்று, புள்ளிகள் ஒருவரிடமே குவிகின்றனவா, மூவர் நால்வரிடம் பரவுகின்றனவா என்பது. இரண்டு, பாடிவருவோன் மூலையை நெருங்கும்போது நம் பிடிப்போர் பொறுத்து நிற்கின்றனரா, பதறிப் பாய்கின்றனரா என்பது. மூன்று, ஆட்டத்தின் இறுதி ஐந்து நிமிடங்களில், முன்னணியில் இருக்கும்போதும் பின்தங்கியபோதும், அவர்தம் ஒழுங்கு குலைகின்றதா என்பது. இம்மூன்றும் செவ்வனே அமைந்த அணி முதல் மூன்று ஆட்டங்களில் தோற்பினும் நம்பத்தக்கது. இம்மூன்றும் இல்லாத அணி, பதினைந்து புள்ளி மிகுதியால் வென்றாலும், அவ்வெற்றி மஞ்சளின் இலைச் செழிப்பே.

மாணவ நண்பர்காள்! இது தொலைவிலுள்ள ஊதிய வீரர்க்கு மட்டும் உரியதோர் அறிவுரையன்று. நம் கல்லூரி ஆடுகளத்திலும் ஈராட்டங்களில் தவறிய ஓர் இளைஞனை உடனே ஒதுக்கி, ஓராட்டத்தில் மின்னிய மற்றொருவனை அவனிடத்தில் நிறுத்தும் வழக்கம் இல்லாமலில்லை. ஒதுக்கப்பட்டவன் பின்னர் ஆடுகளத்துப் பக்கமே வாரான். புதியவனும் அடுத்த தவற்றுக்கு அஞ்சியே ஆடுவான். அச்சத்தோடு ஆடுபவன் பிறனோடு கைகோப்பது எங்ஙனம்? அணித்தலைவராக நிற்போர் ஒருவனைத் தேர்வதற்கு எத்துணை நாளும் ஆராய்க. தேர்ந்தபின் ஓராண்டேனும் அவனைக் கைவிடாதிருக்க. பார்த்திருப்போர் அதுவரை நாவடக்கி நிற்க. பொறுமையோடு காக்கப்பெற்ற எழுவரே அணி எனப்படுவர். ஏனையோர் ஒரே நிறச் சட்டையணிந்த எழுவர் மட்டுமே.