கார் உயரம் இருக்கட்டும், சீட் உயரம் என்ன?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் என்னிடம் கேட்பது, "இதை வைத்து வீட்டுக்கு உபயோகமாக என்ன செய்யலாம்?" என்பதுதான். கடிதம் டைப் செய்யலாம், ரயில் டிக்கெட் பதிவு செய்யலாம், மின் கட்டணம் கட்டலாம். ஆனால் லட்சக்கணக்கில் செலவு செய்யும் முன் சரியாக முடிவெடுக்க உதவினால்தான் கம்ப்யூட்டர் தன் விலையைத் திருப்பித் தந்தது என்பேன். கார் வாங்குவது அப்படிப்பட்ட ஒரு செலவு. அதிலும் என்னைப் போல உயரம் குறைந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். என் மனைவி சரியாக ஐந்தடி. கார் வாங்கினால் இருவருமே ஓட்டுவோம்.

ஏரலில் இருந்து கார் பார்க்கத் தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ போக வேண்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு நாள் என்று அலைய முடியாது. எனவே வீட்டிலேயே கம்ப்யூட்டரில் பட்டியல் போட்டு, நான்கைந்து கார்களாகக் குறைத்துக்கொண்டு, ஒரே பயணத்தில் பார்த்து வருவதே புத்திசாலித்தனம்.

எல்லா கார் கம்பெனிகளும் தங்கள் வெப்சைட்டில் பி.டி.எப். பைலாக பிரவுச்சரைத் தருகின்றன. டவுன்லோட் செய்து கொள்ளுங்கள். எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமில் ஒரு ஒர்க்ஷீட் திறந்து, ஒரு வேரியன்ட்டுக்கு ஒரு வரிசை என்று போடுங்கள். எந்தெந்த நெட்டு வரிசைகள் வேண்டும் என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

முதலில் காரின் நீளம். இந்த எண்ணால் பயன் எதுவும் இல்லை. 2006-ம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் 4 மீட்டருக்குள் நீளமும் சிறிய இன்ஜினும் உள்ள கார்களுக்கு வரி குறைக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யில் இத்தகைய கார்களுக்கு 18 சதவீதம், பெரிய கார்களுக்கு 40 சதவீதம் என்று ஆனது. 2016-ல் வந்த மாருதி விட்டாரா பிரெஸ்ஸா, 2017-ல் வந்த டாடா நெக்ஸான், 2019-ல் வந்த ஹூண்டாய் வென்யூ என எல்லாம் 3,995 மி.மீ. அருகில் நிற்பதற்கு இந்த வரிதான் காரணம்.

அடுத்தது கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் காரின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி. எங்கள் பகுதியில் கார் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். காரணம் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்தில் உள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரை கடந்து ஏரல் பஜாருக்குள் புகுந்தது. அதைப் பார்த்தவர்களுக்கு உயரமான கார் மேல் ஆசை வருவது இயற்கை. ஆனால் 2023-ல் புதுப்பிக்கப்பட்ட நெக்ஸானுக்கு இந்த இடைவெளி 208 மி.மீ., 2021-ல் வந்த டாடா பன்ச் காருக்கு 187 மி.மீ. வித்தியாசம் ஒரு கட்டை விரல் அகலம். மேடு பள்ளத்துக்கு அது உதவும். அந்த வெள்ளத்துக்கு முன்னால் இரண்டும் ஒன்றுதான். ஓடும் தண்ணீரில் எந்தக் காரையும் இறக்கக் கூடாது.

நமக்கு இதைவிட முக்கியமாகத் தெரிய வேண்டியது வேறு. கிரவுண்ட் கிளியரன்ஸ் கூடுதலாக இருந்தால் சீட்டும் உயரமாக இருக்கும் என்று எண்ணி விடாதீர்கள். அது காரின் அடிப்பாகத்தின் அளவு. டிரைவர் சீட் தரையில் இருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு ஏற்றி இறக்கலாம் என்பதை நான் பார்த்த எந்த பிரவுச்சரும் சொல்லவில்லை. குட்டையானவர்களுக்கு மிகவும் தேவையான எண் அதுதான்!

எனவே ஒர்க்ஷீட்டில் நீளத்தை விட்டுவிட்டு இந்த ஐந்தையும் போடுங்கள்: டிரைவர் சீட்டை உயர்த்தும் வசதி, ஸ்டியரிங்கை மேலும் கீழும் சாய்க்கும் வசதி, ஸ்டியரிங்கை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி, சீட் பெல்ட்டின் தோள் பகுதியை ஏற்றி இறக்கும் வசதி, கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கியர். பி.டி.எப். பைலைத் திறந்து, கன்ட்ரோல் கீயுடன் எப் கீயை அழுத்தி, 'ஹைட்' என்ற ஆங்கிலச் சொல்லை டைப் செய்து தேடினால் நேராக அந்த இடத்திற்குப் போகலாம். எந்த வேரியன்ட்டில் வசதி இருக்கிறது என்று பார்த்து 'உண்டு', 'இல்லை' என்று நிரப்புங்கள். பிறகு டேட்டா மெனுவில் பில்டர் கொடுத்து 'உண்டு' என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தால், நீண்ட பட்டியல் ஒரு நொடியில் சுருங்கி விடும்.

கூடவே ஒரு உண்மையும் வெளியே வரும். சீட்டை உயர்த்தும் வசதி பல மாடல்களில் விலை குறைந்த வேரியன்ட்டில் இருக்காது. நான் போன ஒரு ஷோரூமில் இதைக் கேட்டபோது, "அதுக்கென்ன அண்ணாச்சி, ஒரு குஷன் போட்டுக்கிடலாம்" என்றார் விற்பனையாளர். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் இது தவறான யோசனை. மெத்தென்ற குஷன் மோதலின்போது அமுங்கும், நழுவும். இடுப்பு எலும்பில் படிய வேண்டிய பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிடும்.

குட்டையானவர்கள் கிளட்ச்சை முழுவதும் மிதிக்க சீட்டை முன்னால் இழுக்கிறார்கள். நெஞ்சு ஸ்டியரிங்கை நெருங்கி விடுகிறது. ஸ்டியரிங்குக்குள் இருப்பது ஏர்பேக். அது கண் இமைக்கும் நேரத்தில் பெரும் வேகத்தோடு விரியும். ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் நெஞ்செலும்புக்கும் குறைந்தது 10 அங்குலம், அதாவது 25 செ.மீ. இடைவெளி வேண்டும் என்கிறது அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம். கிளட்ச் இல்லாத காரில் இடது கால் எட்ட வேண்டிய அவசியமே இல்லாததால் சீட்டைச் சற்றுப் பின்னால் வைக்கலாம். ஆட்டோமேட்டிக் சொகுசுக்காக மட்டும் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்தியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ. மோதல் சோதனைகளில் டிரைவர் சீட்டில் வழக்கமாக உட்கார வைக்கப்படும் பொம்மையின் உயரம் சுமார் 175 செ.மீ. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் சோதனையும் அந்த அளவு ஆண் பொம்மையோடுதான் தொடங்கியது. ஐரோப்பாவில் 2015-லேயே ஒரு மோதல் சோதனையில் சிறிய பெண் பொம்மையை டிரைவர் சீட்டில் வைத்தார்கள். அது ஏறக்குறைய நம் ஊர்ப் பெண்களின் சராசரி உயரம்தான். அவர்கள் 'மிகச் சிறியவர்' என்று கணக்கிடுகிறவர் நம் வீட்டில் சாதாரணமானவர். இந்த அளவுக்குப் பொருந்தாத சீட்டைக் கொடுத்துவிட்டு, பெண்களுக்குக் கார் ஓட்ட வராது என்று பேசுவது நியாயமா?

பட்டியல் சுருங்கிய பிறகு அதை பிரின்ட் எடுத்து, ஒரு அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள். யார் ஓட்டப் போகிறாரோ அவர் கட்டாயம் வர வேண்டும். தினமும் போடும் செருப்போடும் உடுத்தும் உடையோடும் வரட்டும். ஏறி இறங்கச் சிரமம் இருக்கிறதா, பிரேக்கையும் கிளட்ச்சையும் கடைசி வரை மிதித்தாலும் முழங்கால் சற்று மடங்கி இருக்கிறதா, நெஞ்சுக்கு முன்னால் 25 செ.மீ. இருக்கிறதா, கண் மட்டம் ஸ்டியரிங்கின் மேல் விளிம்பைவிட மூன்று அங்குலமாவது உயரத்தில் இருக்கிறதா, பெல்ட் கழுத்தை அறுக்காமல் தோளின் நடுவே போகிறதா, சீட்டின் முன் விளிம்பு முழங்காலின் பின்புறத்தை அழுத்தாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒவ்வொரு காரிலும் குறைந்தது பதினைந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். இதில் தேறாத காரை, மைலேஜ் எவ்வளவு கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

சன்ரூப் உள்ள மேல் வேரியன்ட்டுக்கும் கீழ் வேரியன்ட்டுக்கும் நடுவில் தடுமாறுகிறவர்களுக்கு என் யோசனை: சீட்டை உயர்த்தும் வசதி எந்த வேரியன்ட்டில் தொடங்குகிறதோ அதை வாங்குங்கள். அதற்கு மேல் உள்ளவை ஆசைக்கு.

கார் கம்பெனிகளிடம் நான் கேட்பது இரண்டே இரண்டுதான். சீட்டை உயர்த்தும் வசதியை எல்லா வேரியன்ட்டிலும் கொடுங்கள். சீட்டின் உயரம் எத்தனை மி.மீ. முதல் எத்தனை மி.மீ. வரை என்று பிரவுச்சரில் ஒரு வரி அச்சிடுங்கள். டிக்கியில் எத்தனை லிட்டர் கொள்ளும் என்று அச்சிட முடிகிறவர்களுக்கு இது கஷ்டமான காரியம் இல்லை.