மாலை விளக்கும் மகனின் காலையும்

தாம்பரத்து இல்லத்தில் அன்னை மாலை ஆறரைக்கு விளக்கேற்றும்போது, மென்பொருள் பணியேற்று நியூயார்க் சென்ற மகனுக்குக் காலை ஒன்பது மணி. பணியில் அமருமுன் அழைத்துப் பேசுவான். நவம்பர் வந்ததும் அந்நாட்டார் கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளிவைப்பர். அவன் அதே ஒன்பதுக்கு அழைத்தாலும் இங்கே ஏழரையாகிவிடும். மறந்துவிட்டானோ என்று பெற்ற மனம் கலங்க வேண்டுவதில்லை.

தனிமைதான் அங்கே பெருந்துன்பம். அதற்கும் துணையுண்டு. அந்நகரின் ஃபிளஷிங் பகுதியில் மகா வல்லப கணபதி எழுந்தருளியிருக்கிறார். ஐக்கிய நாடுகள் சபையில் பணியாற்றிய அழகப்பா அழகப்பன் முன்னின்று முயல, 1977 ஜூலை 4 அன்று அவ்வாலயத்துக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. கீழ்த்தளத்து உணவகத்தில் தோசையும் கிடைக்கும். பசியோடு வரும் பிள்ளை சந்நிதிக்கு முன்னரே அங்கே நுழைந்தாலும், மோதகப் பிரியர் அதைக் குறையாகக் கொள்ளமாட்டார்.