வழக்கறிஞர் இயக்குநரானால்: வ.உ.சி. முதல் மைக்கா வரை

கோலாலம்பூர் பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களில் ஒருவர் 12 ஆண்டுகளுக்கு மேல் சுயேச்சை இயக்குநராக இருக்க முடியாது. ஒரு பெண் இயக்குநராவது இருந்தாக வேண்டும். 2023 ஜூன் 1 முதல் எல்லா நிறுவனங்களுக்கும் இதுதான் விதி. இதனால் காலியாகும் நாற்காலிகளுக்குச் சட்டம் படித்தவர்களையும் தேடுகிறார்கள். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பக்கம் வழக்கறிஞர் பலகை மாட்டியிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது ஒரு வாசல்தான். ஆனால் அங்கே உட்காருபவர் யாருடைய பணத்துக்குக் காவல் என்ற கேள்வி நம் சமூகத்தில் இன்னும் ஆறாத புண்.

இந்தப் பாதையில் முதலில் நடந்த தமிழர்களில் ஒருவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. செக்கிழுத்தவர் என்றே நாம் அவரைச் சொல்லிப் பழகிவிட்டோம். தூத்துக்குடியில் நன்றாகச் சம்பாதித்த வக்கீல் அவர். 1906 அக்டோபரில் சுதேசி கப்பல் நிறுவனத்தைப் பதிவு செய்தார்கள். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர், செயலாளர் ஹாஜி முகமது பக்கீர் ராவுத்தர், துணைச் செயலாளர் வ.உ.சி. பதவி சிறியது, பாரம் முழுதும் அவர் தலையில். ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்றார், பம்பாய் போய்க் கப்பலுக்கு ஏற்பாடு செய்தார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். 1908 மார்ச் 12இல் அவர் கைதானார். 1911இல் நிறுவனத்தைக் கலைத்தார்கள். சிறை மீண்டவருக்கு வக்கீல் சன்னதும் இல்லை. பின்னாளில் அதைத் திரும்பப் பெற்றுத்தந்த நீதிபதி வாலஸின் நினைவாக ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்.

அவரை நம்பிப் பங்கு வாங்கியவர்களுக்கும் நட்டம்தான். ஆனால் அவரும் அவர்களோடு சேர்ந்தே எல்லாவற்றையும் இழந்தார்.

அதே பாணியில், வீடு வீடாகப் பங்கு விற்றுத் தொடங்கியது நம் மைக்கா ஹோல்டிங்ஸ். 1982இல் டத்தோ ச.சாமிவேலு தலைமையில் ம.இ.கா. தொடங்கியது. 66,000க்கும் மேற்பட்டோர் பங்கு வாங்கினார்கள். சேர்ந்தது 10 கோடியே 60 லட்சம் வெள்ளி. தோட்டப் பாட்டாளிகள் பலர் நகையை அடகு வைத்துக் கட்டினார்கள். 1990இல் தெலிகோம் பங்குகள் 1 கோடி ஒதுக்கப்பட்டன. மைக்காவுக்குப் போனது 10 லட்சம். மீதி 90 லட்சம் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது. ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது. யார்மீதும் வழக்கு வரவில்லை. 2010இல், வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுகத்தை வளர்த்த டான்ஸ்ரீ ஜி.ஞானலிங்கத்தின் நிறுவனம் பங்குகளை வாங்க முன்வந்தது. ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 சென். அதுவாவது கிடைத்ததே என்றார்கள் பலர். 28 ஆண்டுகளுக்குப் பிறகு!

வழக்கறிஞருக்குக் கட்சிக்காரர் ஒருவர். எதிரில் இருப்பவரைப் பற்றி அவர் கவலைப்படத் தேவையில்லை. இயக்குநர் அப்படியல்ல. நல்லெண்ணத்தோடு நிறுவனத்தின் நலனுக்காகவே நடக்க வேண்டும் என்கிறது 2016 நிறுவனச் சட்டத்தின் 213ஆம் பிரிவு. தன்னை அந்த நாற்காலிக்குக் கொண்டுவந்தவர் அவருடைய கட்சிக்காரர் அல்ல. இயக்குநரானதற்கு மாலை போடும் நாம் இதைக் கேட்பதில்லை.

கேட்பதும் லேசல்ல. பொதுக்கூட்டம் கூட்டச் சொல்ல 10 விழுக்காட்டுப் பங்கு வேண்டும். மைக்கா அளவுள்ள ஒரு நிறுவனத்தில் அது 1 கோடிக்கு மேல். ஆளுக்கு 500 பங்கு என்றால் 20,000 பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், தோட்டம் தோட்டமாகப் போய்.